வலது பக்கக் கண்ணாடி

வேன் டிரைவரை வேலையை விட்டு நிறுத்தப் போவதாகப் பேக்கரி முதலாளி போனில் சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமியாருக்கோ அப்போதுதான் வயிறு குளிர்ந்தது. பெற்ற பிள்ளை மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்க, இடித்தவன் மட்டும் ஜம்மென்று வண்டி ஓட்டித் திரிவதா என்பது அவர் நியாயம்.

அவளைத் தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத் தனியாக ஆபீசுக்குப் போகும்போதுதான் கணவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். வலது பக்கத் தெருவுக்குத் திரும்பியவனைப் பின்னால் வந்த வேன் உரசிவிட்டது. இடது கை முறிந்தது. பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், வேன் எங்கிருந்து முளைத்ததென்றே தெரியவில்லை என்று விசாரிக்க வந்த எல்லோரிடமும் சொன்னான். பொய் இல்லை. பார்க்கத்தான் செய்தான். ஆனால் கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது ரோடு அல்ல, அவள் இறங்கிப் போன வெறும் பின்சீட்டு.

அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். மாமியார் அவளுக்கு வைத்த பெயரே வாயாடி. வண்டியில் ஏறினால் இறங்கும்வரை பேசுவாள். ஹெல்மெட்டும் காற்றும் பாதியைத் தின்றுவிடும். அவனும் எல்லாவற்றுக்கும் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டுவான். ஒருநாள், நான் குண்டாகிவிட்டேனா என்று அவள் கேட்டதற்கும் அப்படியே தலையாட்டித் தொலைத்தான். அன்று மாலை முழுக்க வீட்டில் மயான அமைதி. மறுநாள் காலை வலது கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பி, அவள் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டான். காது கேட்காவிட்டால் என்ன, வாய் அசைவதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன் என்றான்.

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடிக்காகவே பொட்டைச் சரிசெய்துகொண்டு ஏறுவாள். ஒருமுறை பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததில் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவன் கண்ணாடியைப் பழையபடி திருப்பக் கை வைத்தான். "இருக்கட்டுங்க" என்றாள் அவள்.

இப்போது அந்த ஒரு சொல்தான் அவளை உறுத்தியது.

போன் வந்த அன்று மாலை முதலாளியே டிரைவரை அழைத்துக்கொண்டு வந்தார். நேரில் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறேன் என்றார். மாமியார் அவருக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டார். டிரைவர் செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டார். நாற்பதைத் தாண்டிய மனிதர், சட்டைக் கையில் மாவு படிந்திருந்தது.

"ஹாரன் அடிச்சேம்மா," என்றார் மாமியாரிடம். "தம்பி கண்ணாடியப் பார்த்தாரு. பார்த்த அப்புறமும் திரும்பினாரு. அதான் புரியல. ஹாரன் அடிச்சதா எனக்குத்தான் தோணுதோ என்னவோ."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. அம்மா முன்னால் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒரு மனிதரின் பிழைப்பு விலையா?

"அண்ணே, நீங்க அடிச்சிருப்பீங்க," என்றாள். "ஹெல்மெட்டுல அவருக்குத்தான் கேட்டிருக்காது, பின்னாடி எதுவும் தெரிஞ்சும் இருக்காது. கண்ணாடி ரோட்டப் பார்த்து இல்ல. நான் உட்கார்ற பக்கம் திரும்பியிருந்துச்சு. நான்தான் அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன்."

"திருப்பினது நான்," என்றான் கணவன், தலை நிமிராமல்.

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரோட்டப் பார்த்துப் போடான்னு வண்டி வாங்கிக் குடுத்தா, பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்துட்டுப் போயிருக்கான்."

முதலாளி வந்த சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. சுவரோரம் கிடந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. எம் பொண்ணு இப்போ நான் ஓட்டினா வண்டியில ஏறவே பயப்படுது."

கணவன் மன்னிப்புக் கேட்டான். டிரைவர் கைகாட்டி அவனை நிறுத்தினார். அது பரவாயில்லை என்பதாகவும் இருக்கலாம், போதும் என்பதாகவும் இருக்கலாம். நாளைக்கு வழக்கம்போல வந்துவிடு என்று முதலாளி சொன்னதற்கும் தலையை மட்டும் அசைத்தார்.

வழியனுப்ப இருவரும் கீழே இறங்கினார்கள். வேன் தெருமுனையில் நின்றது. மோட்டார் சைக்கிள் எதிர்த்திசை பார்த்தபடி வாசலோரம். டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாமல் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவள் பின்சீட்டில் அமர்ந்து, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்தாள்.

"என்ன தெரியுது?"

"நீ."

வெளிப்பக்கமாகத் திருப்பினாள். "இப்போ?"

"உன் கம்மல்."

இன்னும் திருப்பினாள். இப்போது ஓரத்தில் தன் தோள் ஒரு கீற்று, மற்றதெல்லாம் ரோடு என்றான்.

"அவங்க?"

"தெரியறாங்க. முதலாளி சாவிய அவர்கிட்ட நீட்டுறாரு."

"வாங்கிட்டாரா?"

"வாங்கிட்டாரு. கதவுகிட்ட நிக்கிறாரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஏறிட்டாரா?" என்றாள்.

"இன்னும் இல்ல."