அத்தான் செய்த மிக்ஸிங்

"அவளுக்குக் காது மந்தம்" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த அதே வாயால் அத்தான் அவளிடமே போனில் கெஞ்சினார். "ஸ்டுடியோவைக் கொஞ்சம் வந்து பாத்துக் குடும்மா. சத்தம் சரியில்லன்னு இசையமைப்பாளர் வேற இடம் போறேங்கறாரு."

வரமாட்டாள் என்றுதான் அக்காவே நினைத்தாள். அவளோ இந்தப் போனுக்காக மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். அவள் பதிவு செய்து, அத்தான் ஒலிகளைக் கூட்டிக் குறைத்து மிக்ஸிங் செய்த பாட்டுகள் வெளியே தகர டப்பாவாக ஒலித்தன. பழி மட்டும் அவள் தலையில். அதற்குப் பிறகு எந்த ஸ்டுடியோவும் அவளை உள்ளே விடவில்லை.

மிக்ஸிங் அறையின் நாலு சுவரிலும் எதிரொலியை உறிஞ்சும் ஃபோம் அப்பியிருந்தது.

"இண்டு இடுக்கு விடாம அப்பவே நானே ஒட்டினேன்" என்றார் அத்தான், பெருமையாக.

அட, மகா புத்திசாலியே! ஃபோம் மேல்சுருதியின் கூரிய ஒலியை மட்டும் விழுங்கியது. கீழ்ச்சுருதியின் கனத்த ஒலி மூலைகளில் தேங்கி இரண்டு மடங்காக முழங்கியது. மனுஷன் அதை நம்பி, ஒவ்வொரு பாட்டிலும் கீழ்ச்சுருதியை வெட்டித் தள்ளியிருக்கிறார். பாட்டுகள் வெளியே தகர டப்பாவாக ஒலித்ததன் காரணம் அவளுக்கு விளங்கியது.

நாலு நாள் வேலை. ஃபோமில் பாதியை உரித்தாள். மூலைகளில் கனத்த கம்பளிப் பலகைகளை நிறுத்தினாள். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளிப் புது ஸ்டாண்டில் ஏற்றினாள்.

ஐந்தாம் நாள் காலை இசையமைப்பாளர் வந்தார். அவள் மூன்று வருஷத்துக்கு முந்தைய பாட்டு ஒன்றைப் போட்டாள். சதையில்லாத வெறும் எலும்பு. அவர் முகத்தைச் சுளித்தார்.

"அது இவ பதிவு பண்ணது சார்!" அத்தான் முந்திக்கொண்டார்.

அந்தப் பாட்டில் அத்தான் போட்ட வெட்டுகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நீக்கினாள். மத்தளம் நெஞ்சுக்குள் இறங்கியது. பாடியவரின் குரல் முழுசாக எழுந்து நின்றது.

"இதுதான் சார் நான் பதிவு பண்ணது. முதல்ல கேட்டது அத்தான் மிக்ஸிங்."

இசையமைப்பாளர் அத்தானைப் பார்த்த பார்வையில், அவளுக்கு வயிறு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

"ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று அத்தான் மெல்ல எழுந்தார்.

அவள் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே நகர்த்தினாள்.

"உக்காருங்க அத்தான். அந்த வருஷத்துப் பாட்டு இன்னும் பதினொண்ணு இருக்கு."