ஃப்ளெக்ஸில் சேர்ந்த கோடுகள்

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

தமிழழகன் கல்லூரி வாசலில் நின்று போனில் கேட்டான். தலைக்கு மேல், இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே, அவன் மனைவி தேவதர்ஷினியின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. வாய்மொழித் தேர்வு இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏறிவிட்டது. அதுகூடப் போகட்டும். பின்னணியில் அவளுடைய ஆய்வேட்டு வரைபடம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் போய்க் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன.

"ஏண்ணா, பேரு தப்பா?" என்றான் தியாகதுருகத்தில் டிசைன் கடை வைத்திருக்கும் அஜித்.

"கோடுடா. அந்த மூணும் சேராது. நீ எதுக்குச் சேத்த?"

"நீங்க அனுப்புன படத்துல கொஞ்சம் தள்ளி இருந்துச்சிண்ணா. அண்ணி அவசரத்துல வரைஞ்சிருப்பாங்கன்னு நானே இழுத்து வுட்டேன். பாக்க அம்சமா இல்ல?"

"அவ ஆறு வருஷமா சேரலன்னுதாண்டா எழுதிக்கினு கெடக்கிறா."

பின்னால் வந்து நின்ற தேவதர்ஷினி அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அவுத்துடட்டுமா தேவி?"

"வேணாங்க. தேர்வு நடத்த வந்த நிர்மலா மேடம் கார் இப்பத்தான் உள்ள போச்சி. பாத்திருப்பாங்க."

"பட்டம் வந்தாத்தான் அடுத்த வருஷம் இங்க வகுப்பு குடுப்போம்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க. நீ சிரிச்சிக்கினு நிக்கிற."

"நீங்க போயி அத்தைக்கு ஃபேன் கீழ எடம் புடிங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பொது வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். எலவனாசூர்கோட்டையிலிருந்து வேனில் வந்த உறவுக்கூட்டம் பாதி அறையை நிரப்பியிருந்தது. முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நிர்மலா. பக்கத்தில் தேவதர்ஷினியின் வழிகாட்டி அரங்கநாதன்.

அவள் நிதானமாகத் தொடங்கினாள். "ஈர்ப்ப விட்டுட்டா இயற்கையில மூணு விசைங்க. ஒவ்வொண்ணோட வலுவுக்கும் ஒரு எண் உண்டு, இணைப்பு மாறிலின்னு பேரு. ஆற்றல் ஏற ஏற மூணு எண்ணும் ஒண்ண ஒண்ணு நெருங்கும். சூப்பர்சிமெட்ரிங்கற கோட்பாடு சொல்ற கூடுதல் துகள்களையும் சேத்துக் கணக்குப் போட்டா ரொம்பக் கிட்ட வரும். ஆனா ஒரே புள்ளியில சேராது. மூணாவது கொஞ்சம் தள்ளிப் போகும். அந்த இடைவெளிதான் என் ஆய்வு."

நிர்மலா தன் போனைத் தூக்கிக் காட்டினார். "வாசல்ல சேந்திருக்கே?"

அறை சிரித்தது. "அது டிசைன் பண்ணவரோட தப்பு மேடம்," என்றார் அரங்கநாதன் அவசரமாக.

"இருக்கட்டும் சார். அவர் செஞ்சத நம்ம துறையிலயும் செய்யறாங்க. யாரும் பாக்காத கனமான துகள் ஒண்ணு இருக்கு. அதோட எடையக் கொறைச்சா மூணாவது கோடு நகந்து வந்து சேந்துடும். தேவதர்ஷினி, நீங்க ஏன் கொறைக்கல?"

"கொறைச்சுப் பாத்தேன் மேடம்." கரும்பலகையில் விறுவிறுவென்று எழுதினாள். "அதே துகள்தான் புரோட்டானச் சிதைக்கறதும். அத லேசாக்குனா புரோட்டான் சீக்கிரம் சிதையணும். ஜப்பான்ல மலைக்கு அடியில பெரிய தண்ணித் தொட்டி வச்சி வருஷக்கணக்கா காத்துக்கினு இருக்காங்க. வாசல்ல இருக்கற படம் நெசம்னா, இந்நேரம் அங்க பல புரோட்டான் சிதைஞ்சிருக்கணும். ஒண்ணும் சிதையல."

நிர்மலா ஆய்வேட்டைப் புரட்டினார். "முடிவுரையில 'பிழை எல்லைக்குள் சேருகின்றன'ன்னு ஒரு வரி மாத்திக்குங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா திருத்தி மறுபடி சமர்ப்பிக்கற மாதிரி ஆகும்."

அரங்கநாதன் அவளைப் பார்த்துக் கண்ணசைத்தார்.

"மாத்த முடியாது மேடம்."

"ஒரு வரிதானே?"

"அளவுல வரக்கூடிய பிழையோட எல்லை சின்னது. இடைவெளி அதப்போலப் பல மடங்கு. டிசைன் பண்ண அஜித்துக்கு அது தெரியாது, இழுத்துட்டாப்ல. எனக்குத் தெரியும்."

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார் நிர்மலா. ஃபேனுக்குக் கீழிருந்து மாமியார் கொளஞ்சியம்மாள் எழுந்தாள்.

"ஏம்மா, இத்தினி வருஷம் படிச்சி மூணும் சேரலன்னா, பின்ன இன்னாத்துக்குப் பட்டம்?"

"எம்மா, ஒக்காரு," என்றான் தமிழழகன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வுடுங்க, எனக்கும் அதே கேள்விதான்," என்றார் நிர்மலா.

தேவதர்ஷினி மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள். "அத்தை, சர்வேயர் வந்து அளக்கறப்ப, நாம நெனச்ச எடத்துல எல்லை வரலன்னா கல்லப் புடுங்கி நட்டுக்கலாமா?"

"நட்டுப் பாரு. பங்காளி சும்மா வுடுவானா?"

"அதான் அத்தை."

கொளஞ்சியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். நிர்மலா விடவில்லை. "அப்ப அந்த இடைவெளிக்குக் காரணம் எது?"

"இந்த எளிய கோட்பாடு போதாது மேடம். வேற கனமான துகள்களும் இருக்கணும். எதுன்னு தெரியாது. அதுங்க கோட்ட எவ்வளவு நகத்தணும்னு தெரியும். நாலாவது அத்தியாயத்துல இருக்கு."

"தெரியாதுங்கறத இவ்வளவு தைரியமா சொல்றீங்க."

"கணக்கு என் கையில இருக்கு மேடம்."

நிர்மலா பேனாவைத் திறந்தார். "முடிவுரையத் தொடாதீங்க," என்றபடி கையெழுத்திட்டார்.

பொன்னாடையோடு தமிழழகன் ஓடி வருவதற்குள் அரங்கநாதன் அவள் பக்கம் குனிந்தார். "நான் கண்ணசைச்சேனே, நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேன் சார்."