கையால் சொன்ன 'வேண்டாம்'

யோகேஸ்வரிக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். இன்று என் வேலை நிலைத்திருப்பது அவளால். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். இப்போது ஸ்பின்னிங் பகுதிக்கு சூப்பர்வைசர். போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் தன் அப்பா சங்கையாவோடு வேலை கேட்டு வந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. அதற்கு முன் நான்கு மில்லில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் ஹரிகிருஷ்ணனுக்கு ஆள் கிடைத்தால் போதும். எனக்கு அப்படியா? பின்னால் தள்ளுவண்டி வந்தால் இவளுக்கு எப்படித் தெரியும்? அடிபட்டால் என்னைத்தானே கேட்பார்கள்?

மேனேஜர் அவளை மெஷின்களுக்கு நடுவே கூட்டிவந்து, என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். அங்கே மெஷின் ஓடுகிற சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. எல்லாரும் கையால்தான் பேசுவோம். நூல் அறுந்தது, நூல் சுற்றும் பாபின் நிறைந்தது, டீக்குப் போகலாம், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. நானும் பழக்கதோஷத்தில் காதைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பிறந்ததிலிருந்து கையால் பேசுகிறவளை எதிரில் வைத்துக்கொண்டு, கையால் அவளைப் பற்றிப் புறம் பேசிய புத்திசாலி நான்.

அவள் அழவில்லை. கிட்டே வந்து, என் இரண்டு காதிலும் அடைத்திருந்த பஞ்சைச் சுட்டிக்காட்டினாள். பிறகு அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவர் காதையும் காட்டினாள். எல்லார் காதிலும் பஞ்சு. மேனேஜர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே அவள் வேலைக்குச் சேர்ந்தாள். தள்ளுவண்டிக்காரர்களை அவளுக்கு முன்பக்கமாக மட்டும் வரச் சொன்னேன். வேறொன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் எங்களுக்குக் காதுப் பரிசோதனை நடந்தது. என் இரண்டு காதும் பெரும்பாலும் போய்விட்டன என்று எழுதி வந்தது. காது போனவனை எந்த மில் வைத்துக்கொள்ளும்? மகள் கார்த்திகா இன்னும் கல்லூரி முடிக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லப்போகிறார்கள் என்ற பயத்தோடு மேனேஜர் அறைக்குப் போனேன். எனக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் உரக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை ஒரு வருசமா காது கேக்காமத்தான வேலை பாக்குது? நீங்க மட்டும் எதுக்கு வீட்டுக்குப் போவணும்?"

நேராக அவளிடம் போனேன். நன்றி சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் எங்கள் மில்லில் ஒரு சைகை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு வழி தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினேன். கண் கலங்கிவிட்டது.

அவள் என் முதுகுக்குப் பின்னால் ஓடும் மெஷினைக் காட்டி, நூல் அறுந்தது என்றாள், கையால். இருவரும் போய் ஒட்டினோம்.