வக்கீலோட அப்பா

துவைக்க எடுத்த கணவனின் நீலச் சட்டையில் அந்த வாசனை வந்தபோது, தன் மூக்குதான் தன்னை ஏமாற்றுகிறது என்று அவள் நினைத்தாள். மகள் போன இந்த இரண்டு வருஷமாக இல்லாத குரல் கேட்பதும் இல்லாத வாசனை வருவதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனாலும் சட்டையை மறுபடி முகத்தருகே கொண்டுபோனாள். லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டையில் கிரீஸ் வாசனை வரலாம், வியர்வை நாற்றம் வரலாம். இது ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் கையில் தடவிக்கொள்ளும் மருந்தும் தரை துடைக்கிற லோஷனும் கலந்த வாடை.

இது நேற்று வியாழக்கிழமை போட்ட சட்டை; அதற்கு முந்தைய வியாழக்கிழமைச் சட்டையிலும் இந்த வாடை இருந்ததே என்று ஞாபகம் வந்ததும் அதைத் துவைக்காமல் தனியே எடுத்து வைத்தாள். இவருக்கும் ஏதோ வந்திருக்கிறது. நம்மிடம் மறைக்கிறார்.

அவர்களுக்கு ஒரே மகள். வாய் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் வீட்டில் வக்கீல் என்று கூப்பிட்டார்கள். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி வார்டில் சேர்த்த பிறகு அங்கேயும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. "இந்த ஊசி போட்டா சரியாயிடும்னா, போன வாரம் போட்ட ஊசி என்ன பண்ணிட்டிருக்கு?" என்று பெரிய டாக்டரையே மடக்கியவள். டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். வியாழக்கிழமைதோறும் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வளர்ந்தது, மறுபடி கொட்டியது. ஒன்பது வயது முடிவதற்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மனைவி உடைந்துபோவாள் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். பேசினால் அவன் தாங்கமாட்டான் என்று அவளும் மூடிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்பதோடு பேச்சு நின்றுவிடும். தெரிந்தவர்களும் அந்தப் பேச்சை எடுக்கப் பயந்து வானிலையைப் பற்றி விசாரித்தார்கள்.

அவள் ஒரு துணிக்கடையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து உடைகளைத் திருத்தித் தருகிறவள். பள்ளி திறக்கும் மாதம்தான் அவளுக்குக் கொடுமை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பாவாடை மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுங்கள் என்று தாய்மார்கள் வரிசையாக வருவார்கள். பழைய தையலைப் பிரித்து, மடிப்பு இருந்த கோட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கோடு கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஊரில் எல்லாக் குழந்தைகளும் வளர்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். மனசு கசந்துபோகும், கை மட்டும் வேலையை விடாது.

அடுத்த வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு கேட்டுக்கொண்டு மகளைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியவர்களைப் பார்க்கிற பிரிவு எதிர்க் கட்டடத்தில் இருந்தது. அங்கேதான் தேட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. கால்களோ பழைய மாடிப்படியில் ஏறிக் குழந்தைகள் வார்டுக்கு வந்து நின்றன.

மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே பெற்றோர் காத்திருக்கும் நாற்காலி வரிசையில், ஸ்பானர் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்து இப்போது கூப்பிடுவார்கள் என்பதுபோல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு இளம்பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனைவியைக் கண்டதும் அவன் எழுந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. "இவதான்... வக்கீலோட அம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

அந்தப் பெண் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வயது மகனுக்கு உள்ளே மருந்து ஏறுவதாகச் சொன்னாள். "உங்க பொண்ணு நல்லாயி ஸ்கூலுக்குப் போறான்னு அண்ணன் சொன்னாருக்கா. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குது."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

"அவளுக்கு வாய் ஜாஸ்தி. டாக்டரையே நிக்க வச்சுக் கேள்வி கேப்பா" என்றாள் அவள். அந்தப் பெண் சிரித்தாள்.

கீழே டீ விற்கும் இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்று தலையாட்டினான். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. பொய் சொன்னதற்குத் திட்டப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான்.

"ஏன் என்னை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் மெதுவாகச் சொன்னான். இங்கே லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதென்று கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. வேலை முடித்துக் கிளம்பும்போது ஒரு நர்ஸ் பழைய பழக்கத்தில் "என்ன வக்கீல் அப்பா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் குளியலறையில் அழுதான். அடுத்த வியாழக்கிழமை கால்கள் தானாக வந்தன.

"வெளிய என்னை எல்லாரும் மெக்கானிக்குன்னு கூப்பிடுறாங்க. இங்க வந்தாத்தான் நான் அவ அப்பா."

பக்கத்து நாற்காலிப் பெண் உங்கள் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோது, போய்விட்டாள் என்று சொல்ல நாக்கு எழவில்லையாம். நன்றாக இருக்கிறாள் என்று வந்துவிட்டது. ஒன்று சொன்னபிறகு இன்னொன்று.

அவள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அவளைப் பத்தி என்னல்லாம் சொன்னீங்க?" என்றாள்.

"ஆறாம் வகுப்பு போறா. முடி தோள் வரைக்கும் வந்துடுச்சு. கணக்குல மட்டும் கொஞ்சம் மட்டம்."

"கணக்குல மட்டமா? அவளா?"

"எல்லாத்துலயும் கெட்டின்னா நம்ப மாட்டாங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் அழுகையானது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்க" என்றாள். பசித்தவள் தட்டைப் பார்ப்பதுபோல் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா உசந்துட்டா. யூனிஃபார்ம் மடிப்பை நீ ரெண்டு தடவை பிரிச்சு இறக்கிட்ட."

அதற்கு மேல் அவனாலும் முடியவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்ததும் அவள் சொன்னாள், அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று. அவளுடைய தைரியம் போய்விடுமே என்றான் அவன். நர்ஸ் யாராவது சொல்லித் தெரிந்தால் மொத்தமாக இடிந்துபோவாள் என்றாள் இவள்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவன்தான் சொன்னான். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எதிர் வரிசையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் அப்படியே ஒடுங்கிப்போனான். வந்தது தப்பு என்று கிளம்பினார்கள்.

மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கடைசியில வலிச்சுதா? யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் ஏறி அந்தப் பெண் நின்ற படிக்கு வந்தாள். "நடுவுல வலிச்சுதும்மா. பொய் சொல்ல மாட்டேன். கடைசியில வலிக்க விடல. அதுக்குன்னு மருந்து இருக்கு, குடுத்தாங்க. தூங்கிட்டுத்தான் இருந்தா. ஆளுக்கொரு கையைப் புடிச்சிட்டிருந்தோம்." பிறகு சொன்னாள்: "உன் பையனுக்கு அப்படித்தான் ஆகும்னு இல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி. டாக்டர் சொல்றதைக் கேளு."

அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகும் சில வியாழக்கிழமைகள் போனார்கள். பிறகு குறைந்தது. மழைக்காலம் முடியும் சமயத்தில், அந்தப் பையனுக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் அடியில் பொறாமை சுருக்கென்று குத்தியது. அதைக் கணவனிடம் சொன்னாள். எனக்கும்தான் என்றான்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, வக்கீலுக்கு முதலில் விழுந்த பல் எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தது. மேல் வரிசை, இடது பக்கம் என்றான் அவன். கீழ் வரிசை, நான்தானே கையில் வாங்கினேன் என்றாள் அவள். பல் விழுந்தால் பேச்சில் காற்று போகிறதே, இனி தன் வாதம் செல்லுமா என்று மகள் கேட்டதை அவன் சொன்னான். அது வேறு பல்லுக்கு என்று இவள் மறுத்தாள். விட்டுக்கொடுக்காமல் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். தங்கள் வீடு இருக்கும் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்கும் வந்துவிட்டது இருவருக்கும் தெரியவில்லை.