கொஞ்சம் இரு, சொல்ல வரேன்

1

இந்தக் கதை ஒரு பொய்ச் செய்தியிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து என் சட்டையைப் பிடிக்காதீர்கள். பொய்யை எழுதியவன் நான். வெளியிட்டவர் புயல்.

நான் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன். மருத்துவமனையின் வலைத்தளத்தில் 'செய்திகளும் வரவிருக்கும் நிகழ்ச்சிகளும்' என்று ஒரு பக்கம் உண்டு. மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்கள், போனில் வேறு எதுவும் திறக்காவிட்டால் மட்டும் படிக்கும் பக்கம் அது. அதில் வருகிற வரியெல்லாம் என்னுடையது. கண் பரிசோதனை முகாம், புது மாணவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்ட விழா, சுவரை இடித்து உள்ளே கொண்டுவந்த ஸ்கேன் இயந்திரம், எல்லாம். புயல் என்பவர் அவற்றைப் பக்கத்தில் ஏற்றுகிற சகா. எதையும் அவசரப்படாமல் செய்வார் என்பதால் அந்தப் பெயர்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை முன்சமையல் என்போம். நிகழ்ச்சி முடிந்த கையோடு செய்தி வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. (அவரைக் காற்புள்ளி என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழாதபோது. அவர் திருத்திய வாக்கியம் மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி நின்று நின்று போகும்.) ஆகவே நிகழ்ச்சிக்கு முன்பே, அது நடந்து முடிந்துவிட்ட பாவனையில் எழுதி வைத்துவிடுவோம். டீன் சிறப்புரை ஆற்றினார். அரங்கம் நிறைந்திருந்தது. பார்வையாளர்கள் நெகிழ்ந்தனர். டீன் உரையாற்றாமல் விட்ட நிகழ்ச்சி என்று ஒன்று கிடையாது. நெகிழவில்லை என்று யாரும் புகார் எழுதிக் கொடுத்ததும் கிடையாது. அதனால் இந்தச் சமையலில் இதுவரை கை சுட்டதில்லை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது, பாருங்கள்.

மருத்துவமனையின் நீண்ட நடைகூடத்தில் மாலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி மெல்ல

[நிறுத்திவிட்டேன். அந்த நடைகூடத்தில் ஜன்னலே இல்லை. இருப்பது குழல்விளக்கு. அதிலும் ஒன்று கண் சிமிட்டும்.]

மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபடும்போது பேச்சுத்திறன் பாதிக்கப்படுவது

[இது கதை இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாச் செய்திக்கும் மூன்றாவது பத்தியாக வருவது.]

"ரெண்டு தரம்" என்று கூவிவிட்டு மூன்றாவது தரம் சொல்ல வாயெடுத்தபோது, பூச்சந்தை நடுவே, ஏலக்காரம்மாவுக்கு நாக்கு எழவில்லை.

[இதை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பிறகு ஏலக்காரம்மாவின் மகளிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் கிட்டத்தில் ஒருமுறை, தூரத்தில் ஒருமுறை பிடித்துத்தான் படிப்பார். "அம்மாவுக்கு வந்தது வீட்டுல. பல்லு தேய்ச்சிட்டு இருந்தாங்க. சந்தைக்கு அன்னிக்கு லீவு" என்றார். அதையும் அடித்துவிட்டேன். மனசே இல்லாமல்தான்.]

3

சரி, ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஏலக்காரம்மா மொத்த வியாபாரப் பூச்சந்தையில் ஏலம் விட்டவர். விடிவதற்குள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் ரோஜாவையும் சாமந்தியையும் வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய வேலை. அவர் குரல் மூன்றாவது கொட்டகை வரை கேட்குமாம். பக்கவாதம் வந்து எழுந்தபிறகு கால் திரும்பிவிட்டது, வலது கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் ஒரே ஒரு சொல்தான் வருகிறது: "போதும்." பசித்தாலும் போதும், ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் போதும், மகளைக் கூப்பிட்டாலும் போதும்.

[இந்த இடத்தில் வெளியூரிலிருந்து ஓடிவரும் மகன் ஒருவனைப் படைத்தேன். விமானத்திலிருந்து இறங்கி, அம்மா என்று கூப்பிட்டு. மகளே போதும் என்று தோன்றியது. அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.]

பேச்சு நின்றுபோன சிலரிடம் பாட்டு மட்டும் மிச்சமிருக்கும். பேச முடியாத சொல்லை ராகத்தில் வைத்தால் அது வந்துவிடும். அதை வைத்து எங்கள் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பாட்டுக் குழு சேர்த்தார். நோயாளிகள் அவரை டீச்சர் என்பார்கள். டீச்சர் மீது எனக்குப் பெரிய சந்தேகம். பாத்திரம் என்ற முறையில் சொல்கிறேன். கோபமே வராது, வாட்சைப் பார்க்கமாட்டார், ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் சிரித்த முகத்தோடு காத்திருப்பார். இப்படி ஒருவரைக் கதையில் விட்டால் நீங்கள் நம்புவீர்களா? ஏதாவது குறை கிடைக்குமா என்று ஒத்திகைக்குப் போனேன். கிடைத்தது. டீச்சருக்குப் பாட வராது. சுருதி அவர் இருக்கும் தெருப்பக்கமே வந்ததில்லை. அவர் பாடிக் காட்டும்போது குழுவிலிருந்த பஸ் டிரைவர், நன்றாக இயங்குகிற கையால் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாட்டும் டீச்சர் கட்டியதுதான். கவிதையெல்லாம் இல்லை. இவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களைக் கோத்து ஒரு மெட்டில் போட்டிருந்தார். தண்ணி வேணும், ஜன்னலைத் திற, இன்னிக்குப் பரவாயில்ல. மூன்று வரியும் எல்லாரும் சேர்ந்து பாடுவது. நான்காவது வரி ஒருவர் மட்டும் பாட வேண்டியது: கொஞ்சம் இரு, சொல்ல வரேன்.

அந்த வரியை ஏலக்காரம்மாவுக்குக் கொடுத்திருந்தார். எல்லாரோடும் சேர்ந்து பாடினால் மூன்றும் வரும். நான்காவது வரியில் தனியாக விட்டால் "கொஞ்சம்" வரைக்கும்தான் வரும். அதற்குமேல் வாய் திறந்தபடி நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பொறுக்கமாட்டாமல் மிச்சத்தைப் பாடி முடித்துவிடுவார்கள். அவர் உட்கார்ந்துவிடுவார்.

*

(அடிக்குறிப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: பேச்சு தடுமாறுகிறவர் முன்னால் நின்று பாருங்கள். அவர் தேடும் சொல்லை நாம் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது தும்மலை அடக்குவது போலக் கஷ்டம். நான் ஒருமுறைகூட அடக்கியதில்லை.)

4

பாட்டுக் குழு முதல்முறை மேடையேறும் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே முன்சமையல் முடித்துவிட்டேன். அன்று நடந்து முடிந்த இரத்த தான முகாமின் செய்தியும் அதே கோப்பில் கீழே இருந்தது. புயல் நிதானமாக, இரண்டையும் சேர்த்து, ஏற்றிவிட்டார்.

மறுநாள் வலைத்தளத்தில் இப்படி வந்தது: "முன்னாள் பூ ஏலக்காரர் தனியாகப் பாடிய வரிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மகள் கண்ணீர் மல்கத் தாயைக் கட்டியணைத்தார்."

யாரும் படிக்காத பக்கம் என்றேன் அல்லவா. அன்றைக்கென்று பார்த்துப் பூச்சந்தைக்காரர் யாரோ ஒருவருக்கு மருந்து வரிசை நீளமாக இருந்திருக்கிறது.

மத்தியானம் ஏலக்காரம்மா எங்கள் அறைக்கு வந்தார். பின்னாலேயே மகள். உட்காரச் சொன்னேன், மகள் உட்காரவில்லை. காலையிலிருந்து போன் ஓயவில்லை என்றார். சந்தைக்காரர்கள் செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பி, வீட்டு வாசலில் இரண்டு கூடை ரோஜாவை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். உடம்புக்கு வந்ததிலிருந்து அம்மா அவர்களில் ஒருவரையும் பார்க்கச் சம்மதித்ததில்லை. யார் வந்தாலும் தூங்குகிறார் என்று சொல்லும்படி சைகை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம்.

"குரலால பொழச்சவங்க சார். அது இல்லாம அவங்க முன்னாடி நிக்க மாட்டேன்னுதான் உள்ளயே இருந்தாங்க. இப்ப எல்லாரும், அம்மா பாடிட்டாங்களாமேன்னு கேக்கறாங்க. அம்மா இன்னும் அந்த வரியைப் பாடவே இல்ல. எடுத்துடுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தைத் திறந்து நீக்குவதற்குப் போனேன்.

"போதும்" என்றார் ஏலக்காரம்மா.

இதோ எடுத்துவிடுகிறேன் அம்மா என்றேன். மறுபடி "போதும்" என்று சொல்லி, என் கைமேல் இடது கையை வைத்து அழுத்தினார். சீக்கிரம் எடுக்கச் சொல்கிறார் என்றார் மகள். எடுக்கத்தானே போகிறேன் என்றேன் நான். மன வருத்தம், வேறென்ன என்றார் புயல், தன் நாற்காலியிலிருந்து. மூன்று பேருமாகச் சேர்ந்து அவர் பேசவேண்டியதையெல்லாம் பேசிமுடித்துவிட்டோம்.

சரக்கைப் பார்க்காமலே விலை கேட்கிறவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு திரையில் ஒரு விரலை வைத்தார். அவர் தனியாகப் பாடினார் என்ற வரி. விரலை எடுத்தார். உள்ளங்கையால் என் மேஜையில் ஓங்கி ஒரு அடி. பேனாக்கள் எகிறின. தலையைச் சற்றுச் சாய்த்து, சந்தை ராகத்தில், இழுத்து:

"ஒரு தரம்."

மகள் அசையாமல் நின்றார். பாட்டுக் குழுவுக்கு வெளியே, போதும் தவிர வேறு சொல் அம்மாவிடமிருந்து வந்து எத்தனையோ மாதம் ஆகிறது என்று பிறகு சொன்னார்.

"ரெண்டு தரம்."

கை மேலே போயிற்று. அங்கேயே நின்றது. என்னை, மகளை, புயலை, ஒவ்வொருவராகப் பார்த்தார். புயல் வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்பட்டு "மூ" என்று ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன்.

மூன்றாவது தரம் வரவில்லை. ஆனால் கையும் இறங்கவில்லை. அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. மகள்தான் சொன்னார், ரொம்ப மெதுவாக.

"கை மேல இருந்தா சரக்கு இன்னும் போகலன்னு அர்த்தம் சார். எவ்வளவு நேரம் வேணாலும் நிறுத்தி வைப்பாங்க. இறக்கற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

செய்தியைப் பொய்யென்று தூக்கிப் போடவும் அவருக்கு இஷ்டமில்லை, உண்மையென்று விட்டுவைக்கவும் இஷ்டமில்லை. எனக்குப் புரிந்த அளவு இதுதான். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். போதும் என்றார்.

(செய்தியில் மகள் அழுததாக எழுதியிருந்தேன். உண்மையில் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரர், துடைக்கத்தான் செய்வார். கைக்குட்டை தேடியவன் நான்தான்.)

அந்தச் செய்தியை 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' பகுதிக்கு மாற்றினோம். "தனி வரி: முன்னாள் பூ ஏலக்காரர்" என்று நான் தட்டி முடிக்கும்வரை ஏலக்காரம்மா பக்கத்திலேயே நின்றார். காற்புள்ளி ஒரு வருத்தக் குறிப்பு எழுதினார். அதைப் படித்து முடிப்பதற்குள் கோபக்காரர்களும் களைத்துவிடுவார்கள். ஏலம் முடிந்து குளித்துவிட்டு நேரே வருகிறோம் என்று சந்தையிலிருந்து தகவல் வந்தது. அந்தக் கூட்டத்துக்குக் கருத்தரங்கக் கூடம் பற்றாது. நிகழ்ச்சி வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு மாறியது.

5

நிகழ்ச்சி நாளை.

இன்று கடைசி ஒத்திகை. மூன்று வரியும் சேர்ந்து பாடினார்கள். நான்காவது வரிக்கு எல்லாரும் நிறுத்தினார்கள். "கொஞ்சம் இரு" என்று ஏலக்காரம்மா பாடினார், தனியாக. "இரு" வந்தது இன்றுதான். அதற்குமேல் வாய் திறந்தபடி நின்றது. இந்த முறை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பஸ் டிரைவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். ஏலக்காரம்மா சற்று நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, மகளைப் பார்த்து இரண்டு விரல் காட்டிச் சிரித்தார். இரண்டு சொல் ஆயிற்று என்கிறாரா, இரண்டு தரம் ஆயிற்று என்கிறாரா, நான் கேட்கவில்லை.

ஆகவே முடிவுகள்.

அ. வரி முழுதும் வருகிறது. கூடம் எழுந்து நிற்கிறது. என் பொய் உண்மையாகிறது. [எனக்கு ஆசை இதுதான். ஆசைப்படுகிறேன் என்பதாலேயே எழுதக் கை கூசுகிறது. ஒருமுறை எழுதிவிட்டேனே.]

ஆ. "கொஞ்சம் இரு"வோடு நிற்கிறார். பூச்சந்தைக்காரர்கள் மொத்தப் பேரும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொஞ்சம் இரு என்று சொல்லியாயிற்று; அவர்களும் கையைப் பார்த்துக் காத்திருந்தே பழகியவர்கள். [இதுவும் எனக்குச் சம்மதம்.]

இ. மேடைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, போதும் என்று சொல்லி, இறங்கி, மாதக்கணக்கில் பார்க்காதவர்கள் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறார். [டீச்சரிடம் கேட்டேன், இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று. "வீட்டை விட்டு வந்துட்டாங்கல்ல" என்றார். சிரித்த முகமாகத்தான். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?]

ஈ.

[வேண்டாம்.]

சாயங்காலம் காற்புள்ளி வந்து நாளைக்கான முன்சமையலைக் கேட்டார். தலைப்பு மட்டும் போட்டு வெறுந்தாளை நீட்டினேன். இது என்ன என்றார். வெந்ததும் தருகிறேன் சார் என்றேன். பேனாவை எடுத்துத் தலைப்புக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் இந்நேரம் ஒரு முடிவைத் தயாராக வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதான். மகள் அழுவதாக வைத்திருந்தால் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளை நான் முன்வரிசையில் இருக்கமாட்டேன். தூண் பக்கத்தில், புயலின் கால் எனக்கு எட்டும் தூரத்தில் நிற்பேன். மூன்று வரியும் முடியும். கூடம் அடங்கும். ஏலக்காரம்மாவின் கை மேலே போகும். உங்கள் வாய்வரைக்கும் ஒன்று வந்து நிற்கும்.

கொஞ்சம் இருங்கள். சொல்ல வருகிறார்.