கன்னியம்மா கேட்ட கதை

நான் பள்ளிக்கூடத்தில் சேரக் கூடாது என்று இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் வேண்டிக்கொண்டாள் என்றால், அது என்னைப் பெற்ற கன்னியம்மாதான். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்கிற ரகமில்லை அவள். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் தனக்குக் கதை நின்றுபோகும் என்று பயந்தாள். அவ்வளவுதான்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. என் நைனா வேம்புலி அதுவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். அம்பத்தூரில் கம்பெனிகள் வந்ததும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு ரயிலேறினார். அம்மாவுக்கு ஓர் எருமை இருந்தது. அதன் பாலைக் கறந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஊற்றுவாள். அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்த புஷ்பா அக்காவும் எங்களிடம்தான் பால் வாங்கினாள். அவள் வீட்டுக்காரர் ஆனந்தன் ஆவடி டேங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கல்யாணமாகி வெகுநாளாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

மத்தியானத்தில் அக்காவுக்குப் பேச்சுத் துணை கிடையாது. எனக்கு நாலு வயது, ஊர் சுற்றுவதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, குழந்தைகள் பத்திரிகை ஒன்றை விரித்தாள். எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். ராஜா வந்தால் குரல் தடிக்கும், எலி வந்தால் கீச்சிடும். அன்றிலிருந்து தினமும் போனேன். அ, ஆ என்று யாரும் என்னை உருப்போட வைக்கவில்லை. கதை போன வழியில் விரல் போயிற்று, விரல் போன வழியில் என் கண் போயிற்று.

என்னை அழைத்துப்போக வந்த அம்மா முதல்நாள் வாசற்படியில் நின்றாள். மறுநாளும் நின்றாள். அப்புறம் வருகிறபோதே ஆய்வதற்கு முருங்கைக்கீரை எடுத்து வந்தாள். கீரை எத்தனை நாளைக்கு? கடைசியில் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா வீட்டு ஜன்னலுக்குக் கீழே சுவரில் வறட்டி தட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுச் சுவர் முழுக்கக் காலியாகத்தான் கிடந்தது. ஆனந்தன் மாமா சாயங்காலம் வந்து மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"வெளிய ஏன் நிக்கீங்க, கன்னியம்மா? உள்ள வந்து உக்காருங்களேன்," என்பாள் அக்கா.

"ஐய, எனக்கு இன்னாத்துக்குமா கதை? தலைக்கு மேல வேல கீது. நீ கொயந்தைக்குப் படி," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாள். ஒரு வறட்டியைத் தட்ட ஒரு யுகம் ஆகும்.

சாயங்காலம் சோறு ஊட்டும்போது எனக்குப் பரீட்சை. வறட்டி தட்டிய சத்தத்தில் அவளுக்குக் கேட்காமல் போன இடங்களை நான் ஒப்பிக்க வேண்டும்.

"அப்பால இன்னா ஆச்சு?"

"தெரியல."

"தெரியலியா? அப்பறம் இன்னாத்த கேட்டுகினு வந்தே?" தலையில் ஒரு குட்டு விழும். குட்டுக்குப் பயந்து நானாக ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்வேன். மறுநாள் கதை வேறு பக்கம் திரும்பினால் அதற்கும் குட்டுத்தான். கதைக்குக் கால் உண்டா என்பார்கள். எங்கள் வீட்டுக் கதைக்குக் கை இருந்தது.

ஆனந்தன் மாமாவிடம் தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தது. அதில் ஒரு படம். ஒரு பெண் தோணியில் தனியாக நின்று துடுப்புப் போடுகிறாள், எதிரே மலை உயரத்துக்கு அலை. ஜன்னல் வழியாக அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் நச்சரித்ததில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கு அந்தத் தடி பொஸ்தகத்த படிக்கச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லாத, நீயே கேளு."

நானே கேட்டேன். "அது பெரியவங்க கதைடி, உனக்குப் புரியாது," என்று அக்கா சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே வறட்டி தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. அக்கா அந்தப் பக்கம் ஒருதடவை பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

செம்பவளம் என்று ஒரு பெண். அவளுடைய அக்காளை யாரோ கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தத் தீவு, எந்த ஊர் என்று தெரியாமல் தேடிப் புறப்படுகிறாள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பாதி நாள் மடியிலேயே தூங்கிப்போவேன். நான் தூங்கினாலும் அக்கா படிப்பதை நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தி ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படித்தாள். யாருக்காகப் படிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், தனக்காகத்தான் படிக்கிறாள் என்று அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். நடுவில் நான் ஒரு சாக்கு.

செம்பவளத்தின் தோணி புயலில் கவிழ்ந்த சமயம் பார்த்து ஜூன் மாதம் வந்தது.

"தாயம்மாவ இஸ்கூல்ல சேத்துடு," என்றார் நைனா.

"இன்னா அவசரம்? அடுத்த வருசம் பாத்துக்கலாம். கொயந்த எளைச்சு கீது."

"எளைச்சு கீதா? கைய தலைக்கு மேல போட்டு காதைத் தொடச் சொல்லு. தொட்டா சேத்துக்குவாங்க."

அப்போதெல்லாம் பிறந்த தேதி யார் வைத்திருந்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் போய்விட்டு அடுத்த வருஷம் வா.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அம்மா குனிந்து என் காதில் சொன்னாள். "கைய ரொம்ப நீட்டாத, இன்னா? வலிச்சா உட்டுடு." எனக்கு எதுவும் வலிக்கவில்லை. ஆனால் அம்மா சொல்லும்போது அவள் முகம் கெஞ்சியது. என்னிடம் அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

ஹெட்மாஸ்டர் பக்தவத்சலம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் காதைத் தொடச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். விரலைக் காதுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டேன்.

"எட்டலையேம்மா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வா."

"அதுக்கின்னா சார், கொயந்த ஒடம்பும் தேறட்டும்," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் நகரவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய பெரிய எழுத்துகள் இருந்தன. எழுத்தைக் கண்டால் சும்மா இருக்க என்னால் முடியாது. புஷ்பா அக்காவின் ராஜா குரலில், கட்டளை போடுகிற மாதிரி உரக்கப் படித்தேன்.

"வகுப்பில் சத்தம் போடாதே!"

ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாள்காட்டியைக் காட்டினார், படித்தேன். கரும்பலகையைக் காட்டினார், படித்தேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"பக்கத்தூட்டு அம்மா கதை படிப்பாங்க," என்றாள் என் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

"இந்தப் பிள்ளைய இன்னும் ஒரு வருஷம் வீட்டுல வச்சிருந்தா பாவம்மா," என்று சொல்லி அவர் என் பேரை எழுதிக்கொண்டார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது. கதை கேட்க என்னை அனுப்பினாள், அந்தக் கதையே என்னைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டது. திரும்பி வரும்போது அம்மா மகளை மெச்சிக்கொள்ளவும் முடியாமல், அழவும் முடியாமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் புஷ்பா அக்கா உள்ளே தனியாக இருந்தாள். அம்மா வெளியே வறட்டி தட்டினாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனால் குழந்தை இல்லாத வீட்டில் யார் யாருக்குக் கதை படிப்பது? வளர்ந்த பொம்பளை கதை கேட்டாள் என்றால் தெரு சிரிக்கும் என்று அம்மாவுக்கு வெட்கம். பால் ஊற்றுகிறபோது வாய் வரைக்கும் வரும்.

"அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பிப்பாள்.

"என்ன, கன்னியம்மா?"

"ஒண்ணுல்லமா. நாளைக்கு ஒரு ஆழாக்கு ஜாஸ்தி ஊத்தவா?"

கடைசியில் 'கொயந்த கேக்குது' என்று பொய் சொல்லி அந்தப் புத்தகத்தை வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். அதில் எழுத்து கடுகு கடுகாக இருந்தது. "அ... லை... அலை... க... ளு... க்கு..." என்று நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள்.

"ஏன்டி, அவ தண்ணில வியுந்து தத்தளிச்சுகினு கீறா, நீ எயுத்து எண்ணிகினு கீற? நீ படிச்சு அவ கரையேறதுக்குள்ள நான் கெய்வி ஆயிடுவேன்!" புத்தகம் மறுநாளே திரும்பிப் போயிற்று. அம்மாவுக்கு அந்தப் பெண் மேல் அவ்வளவு ஏக்கம். எருமைக்குத் தவிடு கலக்கும்போதுகூட, "செத்து கித்துப் போயிருப்பாளோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பால் வாங்கிக்கொண்டே புஷ்பா அக்கா சொன்னாள், "குவார்ட்டர்ஸ் கிடைச்சிருச்சு, கன்னியம்மா. ஞாயித்துக்கெழம போறோம்."

"நல்லதுமா," என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "அங்க பாலு?" என்றாள்.

"அங்கயே வந்து ஊத்துதாங்களாம்."

அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பே இல்லை. நைனா ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எருமை மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தது. வானமே இடிந்து விழுந்தாலும் அம்மா பால் கறக்கிற நேரத்தைத் தவறவிட்டதில்லை. வீட்டில் அவளைக் காணோம். பயந்துபோய் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

வீடு முழுக்க மூட்டை முடிச்சு. சுருட்டிக் கட்டிய மெத்தையில் சாய்ந்து அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். கையில் சாணி காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் புஷ்பா அக்கா படித்துக்கொண்டிருந்தாள். என் இடம் அது. "அம்மா," என்றேன். "உஸ்ஸு!" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். பாதி வறட்டியில் எழுந்து உள்ளே போய், நின்றபடியே, "எனக்குப் படிமா," என்று கேட்டாளாம். "நீங்க எப்பக் கேப்பீங்கன்னு நானும் அந்த ஜன்னலையே பாத்துட்டு கெடந்தேன்," என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

செம்பவளம் கரையேறிவிட்டிருந்தாள். ஊர் ஊராக விசாரித்து, அக்காள் இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் நிற்கிறாள். கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து காலடிச் சத்தம் கேட்கிறது.

அம்மா சட்டென்று கையை நீட்டிப் பக்கத்தை மூடினாள்.

"நிறுத்துமா."

"இன்னும் ரெண்டு மூணு பக்கந்தான். முடிஞ்சுரும்."

"அதாம்மா வேணாங்கறேன்." அம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. "இத்த இப்பவே கேட்டுட்டா, அப்பால நான் உன் ஊட்டாண்ட இன்னா சொல்லிகினு வருவேன்? பாலு அங்க வேற ஆளு ஊத்துவான். மீதிக்கு நான் அங்க வர்றேன்."

புஷ்பா அக்காவுக்கும் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "கட்டாயம் வரணும். தாயம்மாவையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

"அவ எதுக்கு?" என்றாள் அம்மா. "அவ இஸ்கூலுக்குப் போவட்டும். நான் மட்டும் வர்றேன்."