அடுத்த கட்டிலில் தம்பி

கொத்தனாருக்கு முட்டி தேய்ந்துபோனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அடுத்தவர் வீட்டுத் தரைக்கெல்லாம் மண்டியிட்டே டைல்ஸ் பதித்தவர். மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். மகள்தான் பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்து வந்தாள்.

"ஊசி போட்டுப் பாக்கலாம்ப்பா. அதுல மருந்தே கிடையாதாம்."

"சும்மா குத்துறதுக்குத்தான் உங்கம்மா இருக்காளே."

மருத்துவப் பெண் அவரைப் படுக்கவைத்து, தொடையை அழுத்தி அழுத்தித் தேடினாள்.

"வலி முட்டியிலம்மா."

"இந்தத் தசை இறுகிப்போய் முட்டியப் பிடிச்சு இழுக்குதுங்க."

முடி கனத்தில் ஊசி இறங்கியது. தசை தானாக ஒருமுறை வெட்டி அடங்கியது.

"வலிக்குதாங்கய்யா?"

"இல்லம்மா." கொஞ்ச காலமாக எதைக் கேட்டாலும் அவரிடம் அந்தப் பதில்தான்.

ஊசிகளை அப்படியே விட்டுவிட்டு, அசையாமல் இருக்கச் சொல்லி, அவள் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் அங்கே ஒரு அலறல். "ஐயோ, அம்மா!"

தம்பியின் குரல். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். சின்ன வயதிலிருந்தே முள் குத்தினாலும் ஊரைக் கூட்டுகிறவன்.

மருத்துவப் பெண் அவனிடம் சொல்வது கேட்டது. "ஊசி வலியத்தாங்க குறைக்கும். தேஞ்சது தேஞ்சதுதான். பின்னால ஆபரேஷன் தேவைப்பட்டா..."

"அது மட்டும் வேணாம்மா. எங்கம்மாவ முட்டி ஆபரேஷனுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். நடந்துதான் வந்தாங்க..."

புண்ணில் சீழ் வைத்து, அம்மாவைப் பிணமாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தபந்தம் அத்தனைக்கும் முன்னால் கொத்தனார், "நீதான்டா கொன்னுட்ட" என்றார். அதோடு பேச்சு நின்றது.

இப்போது ஆத்திரம் வருமென்று காத்திருந்தார். கல்யாண வீடுகளில் அவன் முதுகைக் கண்டாலே தொண்டைவரை ஏறி வருவதுதான். வரவில்லை. சரி, பாசமாவது வருமா என்று பார்த்தார். அதுவும் இல்லை. தொடையில் நின்ற ஊசிகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பி அவரைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே."

"ம்."

"உனக்குமா?"

"ரெண்டு காலும்."

"எனக்கு எடது. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு." அவன் குனிந்தபடியே நின்றான். "நல்லாயிடும்னு டாக்டர் சொன்னாருண்ணே. அதை நம்பித்தான் கூட்டிட்டுப் போனேன்."

"தெரியும்."

அன்றைக்கே தெரியும். இப்போது அதைச் சொல்லிவிட்டதால் அவருக்கு எந்தப் பாரமும் இறங்கிவிடவில்லை. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். கொத்தனார் அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

"மக கார் கொண்டாந்திருக்கா. ஏறு, இறக்கிவிடச் சொல்றேன்."

தெருமுனையில் இறங்கிய தம்பி, வண்டி திரும்பும்வரை அங்கேயே நின்றான்.

வீட்டில் மனைவி, "எப்படி இருக்கு?" என்றாள்.

"தம்பியப் பாத்தேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "என்ன சொன்னாரு?"

"முட்டி வலிங்கறான்."

இன்னும் ஏதாவது வருமென்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்காரும்போது வலி கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.